மனக்காயம் ஆற்றிய மங்கை

உடலில் காயம் பட்டால் மருந்து இடுகிறோம். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். பல்வலி என்றாலும் பெற்றோர் தயங்காமல் விடுமுறைக் கடிதம் எழுதித் தருகிறார்கள். ஆனால் உள்ளம் வலிக்கிறபோது நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் அதை மறைக்கிறோம். ‘மனம் சரியில்லை’ என்று விடுமுறைக் கடிதம் எழுதியவர் நம்முள் எவரேனும் உண்டா?

உள்ளத்தின் நோய்க்கும் முறையான மருத்துவம் உண்டு. அம்மருத்துவத்தின் ஒரு முக்கியப் பகுதியை உருவாக்கித் தந்தவர் ஒரு பெண்மணி. நம்மைப் போன்ற பள்ளிப் பருவத்தில் தாமே மனநோயால் வாடியவர் அவர். அமெரிக்க நாட்டு மருத்துவ உளவியலாளரான மார்ஷா லினஹான் அம்மையாரே அவர். அவருடைய வாழ்வையும் பணியையும் இக்கட்டுரையில் காண்போம்.

மருத்துவ உளவியலாளர் யார்?

மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. மனநல மருத்துவர் முதலில் பொது மருத்துவம் படித்துப் பட்டம் பெற்று, பின்னர் மனநோய்களைப் பற்றிச் சிறப்பாகக் கற்றவர். அவர் மாத்திரை, ஊசி ஆகியவற்றை எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளரோ உளவியலைப் பாடமாகப் படித்து, நோயாளிகளுக்கு உதவும் பயிற்சியைப் பெற்றவர். பேச்சு, கேள்வி, சோதனை, பயிற்சி ஆகியவையே அவருடைய கருவிகள். பல நோயாளிகளுக்கு இவ்விருவரின் உதவியும் தேவைப்படும்.

மருத்துவ உளவியலாளர்கள் பயன்படுத்தும் முறைகளில் பெரிதும் போற்றப்படுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பதாகும். பெயர் நீளமாக இருந்தாலும் கருத்து எளிது. நம் எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன என்பதே அதன் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். கணக்குத் தேர்வில் ஒரு மாணவி 32 மதிப்பெண் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘எனக்குக் கணக்கே வராது’ என்பது அவள் எண்ணம். அதனால் சோர்வும் அச்சமும் எழுகின்றன. இது உணர்ச்சி. அச்சத்தினால் அவள் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதில்லை. இது செயல். திறக்காத காரணத்தால் அடுத்த தேர்வில் மதிப்பெண் இன்னும் குறைகிறது. ‘நான் நினைத்தது சரிதான்’ என்று எண்ணம் உறுதிப்படுகிறது. செக்குமாடு போல மனம் அதே வட்டத்தில் சுற்றுகிறது. இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்க வேண்டும். ‘கணக்கே வராதா, அல்லது வடிவியல் மட்டும் வரவில்லையா?’ என்று எண்ணத்தைச் சோதிக்கலாம். அல்லது அச்சம் இருக்கும்போதே நாள்தோறும் பத்து நிமிடம் புத்தகத்தைத் திறக்கலாம். இச்சிகிச்சை இவ்விரண்டையும் கற்றுத் தருகிறது.

இம்முறை ஒரே நாளில் பிறந்ததன்று. 1924 ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனின் அச்சத்தைப் போக்கியதை விவரித்து எழுதினார். சிறுவன் தனக்குப் பிடித்த உணவை உண்ணும் வேளையில், கூண்டிலிருந்த முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டு வந்தார்கள். முடிவில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். பழக்கத்தால் அச்சத்தை மாற்றலாம் என்பது தெரிந்தது. பின்னர் 1950களில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளரும், 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவரும் எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் வழிகளைக் கண்டனர். நடத்தையை மாற்றும் வழியும் எண்ணத்தை மாற்றும் வழியும் காலப்போக்கில் ஒன்றாக இணைந்தன. இவ்வழியில் வந்தவரே மார்ஷா அம்மையார்.

துல்சா நகரத்துச் சிறுமி

மார்ஷா 1943 ஆம் ஆண்டு ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை எண்ணெய்த் தொழிலில் இருந்தவர். ஆறு குழந்தைகளில் மார்ஷா மூன்றாமவர். நன்றாகப் படிப்பார், பியானோ வாசிப்பார். ஆயினும் பள்ளியிறுதிப் பருவத்தில் அவர் மனம் உடைந்தது. தம்மைத் தாமே வெறுத்தார். தம்மைத் தாமே காயப்படுத்தவும் தொடங்கினார்.

1961 மார்ச் மாதம், பதினேழாம் வயதில், கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் உள்ள ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் லிவிங்’ என்ற மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே 26 மாதங்கள் இருந்தார். அவருக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் கருதினர். வலிய மருந்துகள் கொடுத்தனர். மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் தந்தனர். அவர் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளாதிருக்கத் தனியறையில் அடைத்து வைத்தனர். ஆயினும் நோய் தணியவில்லை. அங்கிருந்தவர்களுள் மிகவும் துன்புற்ற நோயாளிகளில் ஒருவராகவே அவர் எண்ணப்பட்டார். அம்மருத்துவர்கள் கொடியவர்கள் அல்லர். அவருடைய துன்பத்துக்கு ஏற்ற மருத்துவம் அக்காலத்தில் இல்லை.

அந்த இருளில் மார்ஷா இறைவனிடம் ஒரு வாக்குறுதி செய்தார். இந்த நரகத்திலிருந்து தாம் வெளியேற வேண்டும். வெளியேறிய பின் மீண்டும் அதற்குள் சென்று, அங்கே சிக்கியிருக்கும் மற்றவர்களையும் வெளியே கொண்டுவர வேண்டும் என்பதே அவ்வாக்குறுதி. தோழியரே, சிந்தித்துப் பாருங்கள்! தன் துன்பம் தீர்ந்தால் போதும் என்று வேண்டுவது மனித இயல்பு. தப்பித்து வந்த இடத்திற்கே பிறருக்காகத் திரும்பிச் செல்வேன் என்பது எத்தகைய துணிவு!

சிற்றாலயத்தில் ஓர் இரவு

1963 ஆம் ஆண்டு மருத்துவமனையிலிருந்து வெளிவந்த மார்ஷா உடனே நலம் பெற்றுவிடவில்லை. பின்னர் சிகாகோ நகருக்குச் சென்று, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்தார். இரவு நேரங்களில் இயேசு சபையினரின் லொயோலா பல்கலைக்கழகத்தில் படித்தார். நேரம் கிடைத்தபோதெல்லாம் ‘செனக்கிள்’ தியான இல்லத்தின் சிற்றாலயத்தில் செபித்தார்.

1967 ஆம் ஆண்டில் ஓர் இரவு அவர் அச்சிற்றாலயத்தில் முழந்தாளிட்டுத் திருச்சிலுவையை நோக்கிக் கொண்டிருந்தார். அப்போது அவ்விடம் முழுவதும் பொன்னொளியாக மாறியதாகவும், ஏதோ ஒன்று தம்மை நோக்கி வருவதாக உணர்ந்ததாகவும் அவர் கூறியிருக்கிறார். தம் அறைக்கு ஓடிய அவர், தாம் தம்மையே நேசிப்பதாக வாய்விட்டுச் சொன்னார். பல ஆண்டுகளாகத் தம்மை வெறுத்தே வாழ்ந்தவர் வாயிலிருந்து அச்சொல் வந்தது.

இது கதையின் முடிவன்று. ஓராண்டுக்குப் பின் மனத்துயர் மீண்டும் வந்தது. ஆனால் இம்முறை அதைத் தம்மால் தாங்க முடியும் என்பதை மார்ஷா கண்டார். இறையருள் பெற்றோம் என்று அவர் படிப்பை விட்டுவிடவும் இல்லை. 1968 இல் இளங்கலைப் பட்டமும் 1971 இல் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோரைக் காக்கும் நிலையத்தில் பயிற்சி பெற்றார். அடுத்து ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் நடத்தைச் சிகிச்சையைக் கற்றார். அமெரிக்கத் தலைநகரில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியும் ஆற்றினார். செபமும் படிப்பும் அவர் வாழ்வில் ஒன்றுக்கொன்று துணையாக நின்றன.

தோல்வி கற்பித்த பாடம்

1977 ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எளிதில் குணமாகும் நோயாளிகளை அவர் நாடவில்லை. மிகவும் கடினமானவர்கள், மற்றவர்கள் கைவிட்டவர்கள் யாரோ, அவர்களையே தம்மிடம் அனுப்பும்படி மருத்துவமனைகளைக் கேட்டார். 1983 இல் தம் துணைவர்களோடு ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். உயிரை விட எண்ணுவோரிடம் ‘ஏன் சாக விரும்புகிறாய்?’ என்று கேட்பதே வழக்கமாக இருக்க, இப்பட்டியல் வாழ்வதற்கான காரணங்களைக் கேட்டது. குடும்பத்தின் மீதுள்ள கடமை, குழந்தைகளைப் பற்றிய அக்கறை, சமய நெறி, துன்பத்தைக் கடக்க முடியும் என்ற நம்பிக்கை என 48 காரணங்கள் அதில் இருந்தன.

ஆயினும் சிகிச்சை தொடக்கத்தில் வெற்றி பெறவில்லை. ‘இந்த எண்ணத்தை மாற்றுங்கள், இந்தப் பழக்கத்தை மாற்றுங்கள்’ என்று அம்மையார் கூறியபோது நோயாளிகள் சினம் கொண்டனர். எல்லாப் பழியும் தங்கள் மீதே சுமத்தப்படுவதாகவும், தங்கள் வலி இவருக்குப் புரியவில்லை என்றும் எண்ணினர். உடனே அம்மையார் எதிர்ப்புறம் சென்றார். மாற்றம் பற்றிப் பேசாமல், அவர்கள் துன்பத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு அன்போடு கேட்டார். அப்போதும் அவர்கள் வருந்தினர். இப்படியே துன்பத்தில் கிடக்க வேண்டியதுதானா, இவர் எங்களுக்கு உதவவே மாட்டாரா என்று கலங்கினர்.

இரு தோல்விகளும் சேர்ந்து ஓர் உண்மையைக் கற்பித்தன. ஏற்பு மட்டும் போதாது. மாற்றம் மட்டும் போதாது. இரண்டும் ஒருங்கே வேண்டும். ‘நீ உன்னால் இயன்றதைச் செய்துகொண்டுதான் இருக்கிறாய், ஆயினும் இன்னும் நன்றாகச் செய்யக் கற்க வேண்டும்.’ இவ்விரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றினாலும் இரண்டும் உண்மையே. முரண்போல் தோன்றும் இரு உண்மைகளைச் சேர்த்துப் பிடிப்பதால் இச்சிகிச்சைக்கு ‘டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி’ என்று பெயரிட்டார். தமிழில் இதனை இயங்கியல் நடத்தைச் சிகிச்சை எனலாம்.

ஏற்றுக்கொள்வது என்பதை எங்கே கற்பது? இதற்காக அம்மையார் கலிபோர்னியாவின் சாஸ்டா மடத்தில் ஜென் தியானம் பயின்றார். பின்னர் ஜெர்மனியில் வில்லிகிஸ் யேகர் என்ற பெனடிக்ட் சபைத் துறவியிடமும் பயின்றார். தாம் கற்றதை எச்சமயத்தவரும் பயன்படுத்தத்தக்க எளிய பயிற்சிகளாக மாற்றினார்.

ஏற்பு என்றால் தீமையைச் சரி என்று சொல்வதன்று. விளையாட்டு விழா நாளில் மழை பெய்கிறது. ‘இன்று மழை பெய்யக் கூடாது’ என்று சினந்தால் மழை நிற்குமா? மழை பெய்கிறது என்பதை ஒப்புக்கொண்டால்தான் குடையை எடுக்கத் தோன்றும்.

நான்கு திறன்கள்

இச்சிகிச்சை ஏறத்தாழ ஒரு பள்ளிக்கூடம் போன்றதே. வாரந்தோறும் தனியே சிகிச்சையாளரைக் காண வேண்டும். குழுவாக வகுப்பில் அமர்ந்து பாடமும் கற்க வேண்டும். வீட்டுப்பாடமும் உண்டு. அன்றாட உணர்ச்சிகளைக் குறிக்கும் நாட்குறிப்பு அட்டையும் உண்டு. இடையே நெருக்கடி வந்தால் தொலைபேசியில் வழி கேட்கலாம். சிகிச்சையாளர்களும் தங்களுக்குள் கூடி ஒருவருக்கொருவர் துணை செய்ய வேண்டும். வகுப்பில் கற்பிக்கப்படும் திறன்கள் நான்கு.

முதலாவது, விழிப்போடு இருத்தல். இந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. நம்முள் உணர்ச்சி மனம், அறிவு மனம் என இரண்டு உண்டு. இரண்டும் கூடுமிடமே ஞான மனம் என்கிறார் அம்மையார்.

இரண்டாவது, துன்பத்தைத் தாங்குதல். உணர்ச்சி கொந்தளிக்கும்போது உடனே எதையும் செய்துவிடாமல், அலை தணியும் வரை பொறுத்திருப்பது. சிறிது நேரம் மூச்சை அடக்கி, முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது அவர் கற்பித்த வழிகளுள் ஒன்று. அப்போது இதயத் துடிப்பு மெதுவாகி உடல் அமைதி அடையும். இது மாயமன்று, உடலின் இயற்கையான செயலே. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, உணர்ச்சியைச் சீர்ப்படுத்துதல். வேளைக்கு உணவும் போதிய உறக்கமும் இதன் தொடக்கம். பொருந்தாத உணர்ச்சி எழும்போது அது தூண்டுவதற்கு எதிரான செயலைச் செய்வது அடுத்தது. வகுப்பில் எழுந்து பேச அஞ்சுகிறவள், அச்சம் சொல்வதுபோல் ஒளிந்துகொள்ளாமல் எழுந்து பேசுதல் வேண்டும்.

நான்காவது, பிறரோடு பழகும் திறன். தோழி நம் குறிப்பேட்டை வாங்கிச் சென்று திருப்பித் தரவில்லை. சண்டையும் இடலாம், வாய்மூடி மனத்துக்குள் புழுங்கவும் செய்யலாம். இரண்டும் வேண்டாம் என்கிறது இச்சிகிச்சை. “திங்கட்கிழமை என் வரலாற்றுக் குறிப்பேட்டை வாங்கிப் போனாய். அது இல்லாமல் படிக்க முடியாமல் கவலையாக இருக்கிறது. நாளைக்குக் கொண்டு வந்துவிடு. தந்தால் நாம் இருவரும் சேர்ந்தே படிக்கலாம்” என்று சொல்லலாம். நடந்ததைக் கூறுதல், உணர்ந்ததைக் கூறுதல், வேண்டியதைத் தெளிவாகக் கேட்டல், அதனால் வரும் நன்மையைக் காட்டல் ஆகிய நான்கும் இதில் அடங்கியுள்ளன.

சோதனையில் தேறிய சிகிச்சை

நல்லெண்ணம் மட்டும் இருந்தால் ஒரு சிகிச்சை சிறந்ததாகிவிடாது. அறிவியல் சோதனையில் அது தேற வேண்டும். 1991 இல் அம்மையாரின் முதல் பெரிய ஆய்வு வெளிவந்தது. தம்மைத் தாமே பலமுறை காயப்படுத்திக்கொண்ட பெண்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் புதிய சிகிச்சையும், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சையும் ஓராண்டு தரப்பட்டன. புதிய சிகிச்சை பெற்றவர்கள் தம்மைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. மருத்துவமனையில் தங்கிய நாட்களும் குறைந்தன. சிகிச்சையை இடையில் விட்டவர்களும் குறைவு. ஆனால் மனச்சோர்வு இரு பிரிவிலும் ஒரே அளவில்தான் தணிந்தது. அதையும் அம்மையார் மறைக்காமல் எழுதினார். 1993 இல் சிகிச்சை முறையை விளக்கும் நூலை வெளியிட்டார்.

2006 இல் 101 பெண்களைக் கொண்ட மற்றோர் ஆய்வு வெளிவந்தது. தேர்ந்த நிபுணர்களின் வேறு சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, இச்சிகிச்சை பெற்றவர்களிடையே உயிரை மாய்க்கும் முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாக இருந்தன. 2018 இல் 12 முதல் 18 வயது வரையுள்ள 173 பேரிடம் நடந்த ஆய்வும் நற்பயனைக் காட்டியது. அவர்கள் நம் வயதினர் என்பதை நினைவில் கொள்வோம்.

மறைத்ததை வெளியிட்ட நாள்

இத்தனை ஆண்டுகளும் மார்ஷா அம்மையார் தம் இளமைக் கதையை உலகுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தம் ஆய்வை மதிப்பார்களோ என்ற தயக்கம் இருந்தது. அவருடைய உடலில் இருந்த பழைய தழும்புகளைக் கண்ட ஒரு நோயாளி, அவரும் தங்களில் ஒருவரா என்று கேட்டார். அப்படியானால் தங்கள் எல்லோருக்கும் நம்பிக்கை பிறக்கும் என்பது அந்த நோயாளியின் எண்ணம். 2011 ஆம் ஆண்டு, தம் 68 ஆம் வயதில், தாம் அடைபட்டிருந்த அதே ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைக்குச் சென்று, உறவினர், நண்பர், மருத்துவர்கள் முன்னிலையில் தம் வரலாற்றை அம்மையார் வெளிப்படையாகக் கூறினார். 2020 இல் ‘பில்டிங் எ லைஃப் வொர்த் லிவிங்’ என்ற தன்வரலாற்றையும் வெளியிட்டார். ‘வாழத் தகுந்த வாழ்வைக் கட்டுதல்’ என்பது அதன் பொருள். 2012 இல் அமெரிக்க உளவியல் அறக்கட்டளையின் தங்கப் பதக்கமும், 2017 இல் கிராமேயர் விருதும் அவரைத் தேடி வந்தன. ஆயினும் ஹார்ட்ஃபோர்டில் அவர் பேசிய பேச்சே அப்பதக்கங்களிலும் பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது.

நாம் கொள்ள வேண்டியவை

தோழியரே, நம்முள் ஒருத்தி அழும்போது நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ‘இதற்கெல்லாமா அழுவார்கள்? முகத்தைக் கழுவிக்கொண்டு வா’ என்கிறோம். அல்லது அவளோடு சேர்ந்து நாமும் அழுதுவிட்டு எழுந்து போகிறோம். முதலாவதில் மாற்றம் உண்டு, ஏற்பு இல்லை. இரண்டாவதில் ஏற்பு உண்டு, மாற்றம் இல்லை. ‘உனக்கு வலிப்பது உண்மைதான்; வா, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்’ என்பதே நாம் சொல்ல வேண்டியது. துன்பம் பெரிதாக இருந்தால் இரகசியம் காக்கிறோம் என்று வாய்மூடி இராமல், அவளைச் சிஸ்டரிடமோ ஆசிரியையிடமோ பெற்றோரிடமோ அழைத்துச் செல்வோம். இரகசியத்தினும் தோழியின் உயிர் பெரிது. நம் நாட்டு அரசு 2022 இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அன்புள்ள பெற்றோருக்கு நாங்கள் பணிவோடு வைக்கும் வேண்டுகோளும் ஒன்று உண்டு. நாங்கள் சோர்ந்திருக்கும்போது ‘உனக்கு என்ன குறை வைத்தோம்?’ என்று கேட்கிறீர்கள். நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. அதை நாங்கள் அறிவோம். ஆயினும் முதலில் பத்து நிமிடம் நாங்கள் சொல்வதைக் கேளுங்கள். அதன்பின் அறிவுரை கூறுங்கள். அந்த அறிவுரை எங்கள் உள்ளத்தில் நிற்கும்.

நோயுற்றதால் ஒரு பெண்ணின் வாழ்வு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு மார்ஷா அம்மையார் சான்றாக நிற்கிறார். தம் காயத்தையே பிறருக்கு மருந்தாக்கிய அப்பெண்மணியைப் போல, துன்புறுவோரின் அருகில் அமரவும் அவர்களுக்குக் கைகொடுக்கவும் கற்போமாக. நாளை நம்முள் சிலர் மருத்துவ உளவியலாளர்களாகவும் வருவோமாக.